நாற்பதுக்கு அப்பால் பெயரில்லையா?

தமிழிலே பெண்ணின் வயதை வகுத்தெண்ணிய புலவர்கள் நாற்பதோடு எண்ணிக்கையை நிறுத்திக்கொண்டார்கள். உலா இலக்கியத்துக்கு இலக்கணம் கூறிய பாட்டியல் நூலார் பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என ஏழு பருவங்களைக் கண்டனர். பேதைக்கு 5 முதல் 7 வயது. பேரிளம்பெண்ணுக்கு 32 முதல் 40 வயது. நூலுக்கு நூல் கணக்குச் சிறிது வேறுபடினும் வகுப்பறைகளிலே நாம் கற்றதும் கற்பிப்பதும் இதுவே. ஐந்து வயதுக் குழந்தையையும் அரசனின் பவனி காணும் வரிசையிலே சேர்க்கத் தயங்காத இலக்கணம், நாற்பத்தொரு வயதுடையவளுக்கு ஒரு பெயரிடவும் மனங்கொள்ளவில்லை.

இது தற்செயலான மறதியன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டிலே விக்கிரம சோழனையும் இரண்டாம் குலோத்துங்கனையும் இரண்டாம் இராசராசனையும் ஒட்டக்கூத்தர் பாடிய மூவருலாவை எடுத்துக்கொள்வோம். அரசன் வீதியிலே வருகிறான். பெண்கள் பருவ வரிசைப்படி மயங்குகிறார்கள். அங்கே பெண்ணின் வயதை அளக்கும் கோல் அரசனுடைய கையிலே இருக்கிறது. ஆள்வோன் கண் படாத இடத்திலே அவளுடைய பெயரும் முடிந்துபோகிறது. நிலமானிய சமுதாயத்தின் அழகியல் தன்னைத் தானே காட்டிக்கொடுத்த இடங்களுள் இது தலையாயது.

இன்று இலங்கையிலே பெண்ணின் சராசரி ஆயுள் எண்பதை நெருங்கி நிற்கிறது. மாதவிடாய் நிற்பது பெரும்பாலும் 45க்கும் 55க்கும் இடைப்பட்ட வயதிலே. எனவே தன் ஆயுளிற் பாதியை ஒரு பெண் பெயரில்லாத பருவத்திலே கழிக்கிறாள். அவள் பிடித்த நிறத்திலே ஒரு சேலையை விரும்பி உடுத்தினால், சற்று வாய்விட்டுச் சிரித்தால், கணவனருகே நெருங்கி அமர்ந்தால், "வயது போன காலத்திலே இதென்ன ஆசை" என்று ஊர் கேட்கிறது. அவளுடைய உடம்பு நோய்க்கு உரியது, பேரப்பிள்ளைகளைச் சுமப்பதற்கு உரியது, கோயிலை வலம் வருவதற்கு உரியது. இன்பத்துக்கு மட்டும் உரியதன்று. இதுவே ஊரின் தீர்ப்பு.

இத்தீர்ப்பை எழுதியவர் எவர், எந்தச் சமுதாய நிலையிலே எழுதினர் என்று நாம் கேட்கிறோம். அதற்காகவே பழைய ஐதீகங்களைத் திறந்து பார்க்கிறோம். பக்தி நம்மை அங்கே அழைக்கவில்லை. களவு போன பொருளின் தடயம் களவு நடந்த வீட்டிலேதானே கிடக்கும்!

*

இருக்கு வேதத்தின் முதலாம் மண்டிலத்திலே 179ஆவதாக ஒரு சிறு பாடல் உள்ளது. ஆறே செய்யுள்கள். அகத்தியரும் அவர் மனைவி உலோபாமுத்திரையும் பேசிக்கொள்வதாக அமைந்தது. முதலிற் பேசுபவள் அவளே. இரவும் பகலுமாகப் பல ஆண்டுகள் தான் உழைத்து உழைத்துச் சோர்ந்ததையும், விடியல்கள் ஒவ்வொன்றும் முதுமையைக் கொண்டுவந்ததையும், மூப்பு உடலின் எழிலைக் குறைப்பதையும் சொல்கிறாள். சொல்லிவிட்டு, கணவர் மனைவியரை நாட வேண்டும் என்கிறாள். பழைய மெய்யறிஞரும் தேவரோடு உரையாடிய பெரியோரும் இல்லறத்தை விலக்கவில்லை என்று வாதம் புரிகிறாள்.

இங்கே மூன்று செய்திகளை நாம் கவனித்தல் வேண்டும். முதலாவது, பேசுபவள் இளம்பெண் அல்லள். மூப்பு வாயிலில் நிற்பதை உணர்ந்தவள். இரண்டாவது, அவள் தன் விருப்பத்துக்கு ஆதாரமாகக் காட்டுவது அழகை அன்று, உழைப்பை. பல ஆண்டு பாடுபட்டவளுக்கு இன்பமும் உரிமை என்பது அவள் வழக்கு. மூன்றாவது, பிள்ளை வேண்டும் என்று அவள் பேச்சைத் தொடங்கவில்லை. வேட்கை வேட்கையாகவே அவள் வாயில் வருகிறது.

இதே உலோபாமுத்திரை மகாபாரதத்தின் வனபருவத்துக்கு வரும்போது என்ன ஆகிறாள்? அகத்தியரின் முன்னோர் ஒரு குழியிலே தலைகீழாகத் தொங்குகின்றனர்; அவர்களைக் கரையேற்ற மகன் வேண்டும். அதற்காக அவரே உயிர்களின் சிறந்த உறுப்புகளைத் தேர்ந்து ஒரு பெண்ணைச் சமைத்து விதர்ப்ப மன்னனிடம் வளரவிடுகிறார். அவள் பருவமடைந்ததும் மணந்துகொள்கிறார். முதிர்ந்தவள் இங்கே இளவரசி ஆகிவிட்டாள். அழைப்பவரும் அவரே. அவளோ தந்தை வீட்டிலே இருந்தது போன்ற படுக்கையும் அணிகலனும் வேண்டும் என்கிறாள். முனிவர் செல்வந் தேடி மன்னர்களிடம் செல்கிறார். உழைப்பைச் சாட்சியாக வைத்துப் பேசிய பெண், பேராசிரியர்கள் நகைச்சுவையோடு எடுத்துக்காட்டும் நகைப்பிரியை ஆகிவிடுகிறாள். இன்பம் பிதிர்க்கடனாக மாறுகிறது. அரசும் சொத்துரிமையும் குலத்தொடர்ச்சியும் வலுப்பெற்ற சமுதாயத்துக்கு மனைவியின் வேட்கையால் ஆவதொன்றுமில்லை; வாரிசே வேண்டும். கதை அவ்வாறே திருத்தப்பட்டது.

மூன்றாவது வடிவம் நமக்கு இன்னும் அண்மையானது. தொல்காப்பியத்துக்கு உரை வகுத்த நச்சினார்க்கினியர் ஒரு கதை சொல்கிறார். தெற்கே வந்த அகத்தியர் உலோபாமுத்திரையை அழைத்துவரத் தம் மாணாக்கராகிய தொல்காப்பியரை அனுப்புகிறார். நான்கு கோல் தூரம் விலகி நின்றே அழைத்துவருதல் வேண்டும் என்பது ஆசிரியரின் ஆணை. வழியிலே வைகை வெள்ளம் அவளை இழுத்துச் செல்கிறது. மாணவர் ஒரு மூங்கிற் கோலை முறித்து நீட்ட, அதைப் பற்றிக்கொண்டு அவள் கரையேறுகிறாள். ஆணையை மீறினீர் என்று முனிவர் இருவரையும் சபிக்கிறார். சுவர்க்கம் உங்களுக்கு இல்லை என்கிறார். குற்றமற்ற எம்மைச் சபித்தீர், நீரும் சுவர்க்கம் புகமாட்டீர் என்று இருவரும் திருப்பிச் சபிக்கின்றனர்.

தமிழாசிரியர்கள் இக்கதையைத் தொல்காப்பியரின் காலத்தை விவாதிக்கவே எடுத்தாளுகின்றனர். வெள்ளத்திலே போகிற பெண்ணை எவரும் எண்ணிப் பார்த்ததில்லை. வேதப் பாடலிலே கணவனை நோக்கிக் கை நீட்டியவள், உரையாசிரியர் காலத்திலே மூங்கில் நுனியைத் தொடுவதற்கும் சாபம் பெறுகிறாள். பாதுகாக்கப்பட்டது அவளுடைய உயிரன்று. நான்கு கோல் தூரம். ஒரே பெயருடைய பெண் மூன்று காலங்களிலே பட்ட பாடு இது. ஐதீகம் நிலையானது, தொன்மையானது, மாறாதது என்று மேடைதோறும் முழங்குவோர் இந்த மூன்றையும் அருகருகே வைத்துப் படித்தல் நன்று.

*

உலோபாமுத்திரை உருமாற்றப்பட்டாள். இன்னொருத்தியோ வசைச்சொல் ஆக்கப்பட்டாள்.

மூதேவி என்ற சொல்லை நம் வீடுகளிலே எத்தனை தடவை கேட்கிறோம்! விடிந்த பின்னும் உறங்கும் பெண் மூதேவி. தலை வாராதவள் மூதேவி. எதிர்த்துப் பேசுபவளும் மூதேவிதான். அச்சொல்லின் பொருள் மூத்த தேவி என்பதே. சேட்டை, தவ்வை என்றும் அவளுக்குப் பெயர்கள் உண்டு. பாற்கடலிலே திருமகளுக்கு முன்பு தோன்றியமையால் மூத்தவள் எனப் புராணம் கூறும்.

எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே பல்லவர் எழுப்பிய காஞ்சிக் கைலாசநாதர் கோயிலிலே அவளுக்குச் சிற்பம் உண்டு. திருப்பரங்குன்றத்திலே 773ஆம் ஆண்டளவில், பாண்டிய அரசின் உயர் அலுவலராகிய சாத்தன் கணபதியின் மனைவி நக்கன் கொற்றி என்பவர் துர்க்கைக்கும் சேட்டைக்கும் கோயில் எடுப்பித்ததைக் கல்வெட்டுக் கூறுகிறது. ஒரு பெண், தன் பெயர் பொறித்து, மூத்தவளுக்குக் கோயில் செய்திருக்கிறாள் என்பதை நம் வரலாற்று ஆசிரியர்கள் மாணவருக்குச் சொல்வார்களாக.

அச்சிற்பங்களை நேரிலோ படத்திலோ கண்டவர்கள் அறிவர். சரிந்த பெரிய வயிறு, தாழ்ந்த மார்பகங்கள், அகன்ற தொடைகள். கால்களைத் தொங்கவிட்டு அசைவின்றி அமர்ந்திருக்கிறாள். ஒரு பக்கம் எருதுமுகம் கொண்ட மகன், மறுபக்கம் மகள். அருகே காக்கைக் கொடி, துடைப்பம். பிள்ளை பெற்று, வேலை செய்து, வயது முதிர்ந்த பெண்ணின் உடம்பைக் கல்லிலே வடித்து, அதற்கு முன்னால் ஆட்கள் கைகூப்பி நின்றிருக்கிறார்கள். இடையில்லாத கன்னியரையே தேவியராகச் செதுக்கிய உளிகள் ஒருகால் இவளையும் செதுக்கின என்பது சாதாரணச் செய்தியன்று.

இங்கே நாம் எச்சரிக்கையோடு பேச வேண்டும். பண்டொரு பொற்காலம் இருந்தது, அப்போது பெண் தெய்வமாக வாழ்ந்தாள் என்று நாம் வாதிடவில்லை. திருக்குறளிலேயே தவ்வை என்பவள் வறுமையின் அடையாளமாக வருகிறாள். திருமாலை பாடிய தொண்டரடிப்பொடியாழ்வார் அவளிடம் செல்வம் வேண்டி நின்றோரை இகழ்ந்தார். அவள் மீது அச்சமும் இருந்தது, வழிபாடும் இருந்தது. ஆனால் பிற்காலத்திலே வழிபாடு மறைந்தது. அச்சமும் இகழ்ச்சியும் மட்டும் தங்கின. சிற்பங்கள் குப்புறக் கவிழ்ந்தும் குளக்கரையிலே புதைந்தும் கிடந்தன. சோம்பலின் தெய்வம் என்ற பட்டம் மட்டும் நிலைத்தது.

ஏன் சோம்பல்? அவள் அமர்ந்திருக்கிறாள் என்பதனாலே. வேலை செய்யாமல், எவருக்கும் பரிமாறாமல், எவரையும் மகிழ்விக்க முயலாமல், தன் உடம்பின் பாரத்தோடு இளைப்பாறி அமர்ந்திருக்கும் முதிய பெண்ணைக் காணச் சகிக்காத சமுதாயம், அந்த இளைப்பாறலுக்கே மூதேவித்தனம் என்று பெயர் வைத்தது. துடைப்பம் அவள் அருகேதான் இருக்கிறது. ஆனால் அந்த வேளையிலே அவள் பெருக்கவில்லை. அதுவே அவள் செய்த குற்றம்.

*

முதிர்ந்த பெண்ணுக்கு நம் மரபு மதிப்புக் கொடுக்கவில்லையா, ஔவையார் இல்லையா, காரைக்கால் அம்மையார் இல்லையா என்று கேட்பாருளர். இருக்கிறார்கள். எந்த விலை கொடுத்த பின் என்பதே நம் கேள்வி.

சங்ககால ஔவை அதியமானின் அவையிலே பாடியவர்; கள்ளும் விருந்தும் பகிர்ந்தவர்; அரசனுக்காகத் தூது சென்றவர். பிற்காலத்தார் வழக்கிலே ஔவை எவ்வாறு ஆனார்? திருமணம் நெருங்கவே, இளமையும் அழகும் வேண்டாம் என்று பிள்ளையாரிடம் வேண்டிக் கிழவி ஆனார். 1953இல் வெளிவந்த 'ஔவையார்' திரைப்படம் கே. பி. சுந்தராம்பாளின் குரலோடு அந்த ஔவையையே ஒவ்வோர் ஊரிலும் நிலைநாட்டியது. சேக்கிழாரின் புனிதவதியாரோ கணவன் கைவிட்ட பின்னர், அவனுக்காகத் தாங்கிய தசையை உதறிப் பேயுருவம் வேண்டிப் பெற்றார். பின்னரே இறைவன் அவரை அம்மையே என்றழைத்தான்.

இவ்விருவரின் பெருமையை நாம் குறைக்கவில்லை. கவி பாடவும் ஊர் ஊராய் நடக்கவும் உண்மை உரைக்கவும் ஒரு பெண் தன் உடம்பையே பணயமாக வைக்க வேண்டியிருந்தது என்பதைச் சுட்டுகிறோம். ஆணுக்கு இந்த நிபந்தனை இல்லை. சுந்தரர் இரு மனைவியரோடு வாழ்ந்தே நாயனார் ஆனார். பெண்ணுக்கு அறிவு வேண்டுமா, உடம்பு வேண்டுமா என்ற கேள்வியை மரபு வைத்தது. இரண்டும் வேண்டும் என்று சொன்ன உலோபாமுத்திரையை அது மறந்துவிட்டது. இன்பம் எல்லா உயிர்க்கும் பொது என்று இலக்கணம் வகுத்த தொல்காப்பியமும், காமம் நிறைந்த கடைக்காலத்திலே சுற்றத்தோடு அறம் பயில்வதையே இல்வாழ்வின் பயனாகக் கூறி முடிக்கிறது.

நம் நாட்டு வழக்கிலும் இம்முரண்பாடு உண்டு. மட்டக்களப்பிலே வைகாசி மாதத்திற் கண்ணகி அம்மனுக்குக் கலியாணக்கால் நடுகிறார்கள், குளிர்த்தி பாடுகிறார்கள். கணவனை இழந்து ஊரெரித்தவளுக்கு ஊரே கூடி மணக்கோலம் செய்கிறது. அவள் வெம்மையை ஆற்றுகிறது. அதே ஊரிலே 1983 முதல் 2009 வரையிலான போரிலே கணவனை இழந்தவள், மங்கல நிகழ்ச்சியிலே ஒதுங்கி நிற்க வேண்டியவளாகிறாள். வடக்கிலும் கிழக்கிலும் பல்லாயிரம் குடும்பங்களைத் தனித்துச் சுமந்த பெண்கள் இவர்கள். முப்பது வயதிலே கைம்பெண்ணானவளுக்கு இன்று ஐம்பது தாண்டிவிட்டது. அவளுடைய வெம்மையை ஆற்ற எந்த ஊர் கூடியது? கல்லுக்கு நட்ட கலியாணக்காலை மனிதப் பெண்ணுக்கு நட்டால் மட்டும் பண்பாடு கெட்டுவிடுமா?

*

பழைமைவாதிகளோடு நம் வழக்கு முடியவில்லை. புதிய வியாபாரி ஒருவனும் வந்திருக்கிறான்.

யுங்கின் உளவியல் வழிவந்த அமெரிக்க மருத்துவர் ஜீன் ஷினோடா போலன் 1984இலே கிரேக்கத் தேவியரைப் பெண்மனத்தின் வார்ப்புகளாகக் காட்டி ஒரு நூல் எழுதினார். 2001இலே ஐம்பது கடந்த பெண்களுக்கென மற்றொரு நூல் வெளியிட்டார். பெயரற்ற பருவத்துக்குப் பெயர் தேட முயன்றமையால் அம்முயற்சியை நாம் இகழோம். ஆனால் அவ்வழியிலே வந்த சந்தை வேறு. உனக்குள்ளே உறங்கும் தேவியை எழுப்பு என்கிறார்கள். எழுப்புவதற்கு ஒரு வாரம், கடற்கரை விடுதி, நறுமணத் தைலம், வெள்ளை உடை, பெருங்கட்டணம். வரலாற்றைக் கழற்றிவிட்ட தேவி விலைப்பட்டியலிலே ஏறிவிட்டாள்.

உலோபாமுத்திரை தன்னுள்ளே தேடவில்லை. எதிரே நின்றவனிடம் கேட்டாள். உழைப்பின் கணக்கைச் சொல்லிக் கேட்டாள். அதை உள்மனப் பயிற்சியாகக் குறுக்குவது மீண்டும் அவள் வாயை அடைப்பதற்குச் சமம். அந்த விடுதியிலே தைலம் பூசுகிற கையும் ஒரு பெண்ணின் கையே. அவளுக்கும் முழங்கால் நோகிறது. அவளுக்கும் இரவிலே உடம்பு அனல்போல எரிகிறது. அந்தக் கைக்கு யார் தைலம் பூசுவது? ஒரு பெண்ணின் இளைப்பாறல் மற்றொரு பெண்ணின் சோர்விலே விளையுமாயின் அதற்குத் தேவியின் பெயர் பொருந்தாது.

*

இனி நம் அணியைச் சேர்ந்த தோழர்களுக்கும் சில சொல்ல வேண்டியுள்ளது. கூலியும் நிலமும் பேச வேண்டிய இடத்திலே முதிய பெண்ணின் உடலின்பத்தைப் பேசுவது நடுத்தர வர்க்கப் பொழுதுபோக்கு என்று அவர்கள் புன்முறுவல் செய்கின்றனர். அலெக்சாந்திரா கொலன்தாய் 1923இலே காதலைப் பற்றி உழைக்கும் இளைஞருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதியபோதும் அதே புன்முறுவலையே எதிர்கொண்டார். அப்போது அவர் ஐம்பதை எட்டியிருந்தார். எனினும் கடிதம் இளைஞருக்கே எழுதப்பட்டது. ஐம்பது வயதுப் பெண்ணுக்கு எழுத வேண்டிய கடிதம் இன்னும் எழுதப்படாமலே கிடக்கிறது.

கூலியை எது தின்கிறது, தோழர்களே? மலையகத்திலே கொழுந்து பறிக்கும் பெண், கூடைப் பாரத்தோடு முப்பது ஆண்டு சரிவிலே நின்றவள், மாலையிலே லயத்துக்குத் திரும்பி அடுப்பு மூட்டுகிறாள். மத்திய கிழக்கிலே பிறர் வீடு துடைத்துத் திரும்பியவள் சொந்த வீட்டைத் துடைக்கிறாள். ஆசிரியை பள்ளியிலே ஏழு பாடம் நடத்தி, மாமியாருக்கு மருந்து கொடுத்து, மறுநாட் குறிப்பு எழுதி உறங்கப்போகிறாள். புலம்பெயர்ந்த பிள்ளைகள் அழைத்தால் பனியிலே பேரப்பிள்ளை பார்க்கப் போகிறாள். இவர்கள் இழந்தவை மணித்தியாலங்கள் மட்டுமல்ல. குளிர்ந்த நீரிலே ஆறுதலாகக் குளிக்கும் இன்பம், ஒரு பாட்டை முழுதாகக் கேட்கும் இன்பம், தொடப்படும் இன்பம், ஆசை உண்டென்று சொல்லும் இன்பம் அனைத்தும் அந்த மணித்தியாலங்களோடு சேர்ந்தே போயின. உடம்பைத் தொழிற்கருவியாக்கித் தேய்ந்தபின் ஒதுக்குவதே சுரண்டலின் இலக்கணம் என்றால், முதிர்ந்த பெண்ணின் இன்பம் எப்படி வர்க்கப் பிரச்சினைக்கு வெளியே நிற்கும்? எட்டு மணி நேர ஓய்வுக்காகத் தொழிலாளர் போராடியபோது, ஓய்வு உறங்குவதற்கு மட்டும் என்று எவரும் எழுதவில்லையே!

*

ஆகவே நாம் வேண்டுவன யாவை?

உலாப் பருவங்களைக் கற்பிக்கும் ஆசிரியர், நாற்பத்தொன்றாவது வயதிலே என்ன நடக்கிறது என்று மாணவரைக் கேட்கட்டும். உலோபாமுத்திரையின் மூன்று வடிவங்களையும் ஒரே பாடவேளையிலே வைத்து, ஏன் மாறினாள் என்று விவாதிக்கட்டும். மூதேவி என்ற சொல்லை வசையாக வழங்குவதை நம் வீடுகளிலும் பள்ளிகளிலும் ஒழிப்போம். வழங்குவோரிடம் நக்கன் கொற்றியின் கதையைச் சொல்வோம். அரசாங்க மருத்துவமனைகளிலே மகப்பேற்றுக்குச் சிகிச்சை உள்ளதுபோல மாதவிடாய் நிற்கும் காலத்துக்கும் முறையான ஆலோசனையும் மருந்தும், தோட்டப்புறம் வரை, கிடைக்கச் செய்யப் போராடுவோம். ஐம்பது வயதிலே மறுமணம் செய்யும் பெண்ணைத் தூற்றும் வாய்களுக்கு எதிரே முதலில் நாம் வாய் திறப்போம். இவை எல்லாவற்றுக்கும் முன்னதாக, முற்போக்கு மேடைகளிலே முழங்கிவிட்டு வீட்டுக்கு வரும் ஆண்கள் துடைப்பத்தைத் தாங்களே எடுக்கட்டும்.

ஐதீகம் தானாக எவரையும் விடுதலை செய்யாது. அதைப் பூட்டி வைத்தவன் சாவியையும் வைத்திருக்கிறான். விற்பவன் விலையையும் எழுதிவிட்டான். அதை வரலாறாகப் படிப்போர்க்கே அது பயன் தரும். மூன்றாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் தன் உழைப்பைச் சொல்லி இன்பத்தைக் கேட்டாள் என்று அறிந்தவள், இன்று அதையே கேட்க நாணமாட்டாள். அவளுக்கு என்ன பெயர் வைப்பது என்று பாட்டியல் நூலாரை இனி நாம் கேட்க வேண்டியதில்லை. அவளே வைத்துக்கொள்வாள். அதைப் பாடத்தில் எழுதுவதே நம் வேலை.